பிராண்டிங்கா, சுவரோவியமா, உள்ளலங்காரமா? மொரீஷியஸில் கடை திறப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ரோஸ் ஹில், காத்ர் போர்ன், போர்ட் லூயிஸ் என்று எங்கே புதுக்கடை திறந்தாலும், முக்கோணமும் வட்டமும் தடித்த பட்டையும் பளிச்சென்ற நிறமுமாக ஒரு தோற்றம் வேண்டும் என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். உணவகம் தொடங்குபவர், புடவைக் கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பவர், தாத்தா காலத்துத் தபாஜியை (தெருமுனைப் பெட்டிக்கடையை) காப்பிக் கடையாக மாற்ற நினைப்பவர் எல்லாரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: கையிலிருக்கும் தொகை ஒரு வேலைக்குத்தான் போதும். அதை லோகோ, பெயர்ப்பலகை, பை, அட்டை என்று பிராண்டிங்கில் போடுவதா, தெருவைப் பார்த்த சுவரில் பெரிய ஓவியமாகத் தீட்டுவதா, உள்ளே தரை, மேசை, விளக்கு என்று மாற்றுவதா? மூன்றையும் சேர்த்துச் செய்து தரும் டிசைன் ஸ்டூடியோவிடம் கேட்டால் மூன்றும் வேண்டும் என்றே சொல்லும். பணம் போடுபவருக்குத் தெரிய வேண்டியது எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதே.

மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதைக் காட்ட நம் தீவிலேயே ஓர் உதாரணம் உண்டு. கிழக்குக் கரையில் 2018இல் திறக்கப்பட்ட சால்ட் ஆஃப் பல்மார் ஹோட்டலின் உட்புறத்தை லண்டனில் பணிபுரியும் பிரெஞ்சு வடிவமைப்பாளர் கமீல் வலாலா அமைத்தார். கட்டடப் பணியை இங்குள்ள கட்டடக் கலைஞர் ழான்-ஃபிரான்சுவா ஆடாம் கவனித்தார். கறுப்பு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே தீவின் வானத்திலிருந்தும் கடலிலிருந்தும் செடிகொடிகளிலிருந்தும் எடுத்த நிறங்கள் அங்கே அறைக்கு அறை தொடர்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வருபவருக்குத் தம் கடையிலும் அப்படியே செய்ய ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்த வடிவமைப்பின் செலவு 59 அறைகளின் மீது பரவி நிற்கிறது என்பதையும், சுவரைப் பராமரிக்கத் தனி ஆட்கள் வைத்திருக்கும் ஹோட்டல் நிறுவனம் ஒன்று அதன் பின்னால் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நாற்பது சதுர மீட்டர்க் கடைக்கு வேறு கணக்கு.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், சுவர் யாருடையது என்பது. சொந்தக் கட்டடமா, மூன்றாண்டு வாடகை ஒப்பந்தமா, பல உரிமையாளர்கள் சேர்ந்து சிண்டிக் (பொது நிர்வாகி) வைத்து நடத்தும் கட்டடத்தின் தரைத்தளமா என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறும்.

அடுத்தது, யார் பார்க்க வேண்டும் என்பது. மெட்ரோவிலும் பேருந்திலும் கடந்து போகிறவரை உள்ளே இழுக்க வேண்டிய கடைக்குத் தெருச்சுவர் பேசும். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவரை ஒரு மணி நேரம் உட்கார வைக்க வேண்டிய கடைக்கு உட்புறமே பேசும். கைபேசி வழியாகவே பாதி வியாபாரம் நடத்துகிறவருக்கு இரண்டையும்விட லோகோவும் பொட்டலமும் முந்தும்.

மூன்றாவதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்: ஐந்து ஆண்டு கழித்து இதைப் புதுப்பிக்கப்போவது யார், எதை வைத்துக்கொண்டு புதுப்பிப்பார்? பூக்களும் முகங்களும் நிறைந்த ஓவியம் சற்று மங்கினாலும் அதற்கென ஓர் அழகு இருக்கும். வடிவியல் பாணிக்கு அந்தச் சலுகை இல்லை. அதன் அழகெல்லாம் நேர்க்கோட்டின் கூர்மையிலும் நிறத்தின் சமமான பரப்பிலும்தான் இருக்கிறது. விளிம்பு கலங்கி, மஞ்சள் வெளுத்து, கறுப்பு சாம்பலாகிவிட்டால் கடை நலிந்துவிட்டது என்ற எண்ணமே பார்ப்பவருக்கு வரும். கோபுரத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் நடத்தி வண்ணம் தீட்டுகிற மரபு நமக்கு உண்டு. அந்தச் செலவைக் கோயில் நிர்வாகம் முன்கூட்டியே எண்ணி வைக்கிறது. கடைச்சுவருக்கு அதில் பாதிக் காலத்திலேயே அந்தத் தேவை வந்துவிடும், ஆனால் அதற்கென்று பணம் எடுத்து வைப்பவர் அரிது.

இவற்றோடு 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி விலைப்பட்டியலில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வரி நீக்கிய விலையோடு வரி சேர்த்த விலையை ஒப்பிட்டால் எந்த அளவுகோலும் பயன்படாது.

இந்தப் பாணி எதனால் இயங்குகிறது

இத்தாலிய வடிவமைப்பாளர் எத்தோரே சோட்சாஸ் 1980இன் இறுதியில் மிலானில் கூட்டிய மெம்ஃபிஸ் வடிவமைப்புக் குழு, விக்டர் வசரேலியின் கண்மயக்கு ஓவியங்கள், தென்னாப்பிரிக்காவின் உண்டெபெலே இனப் பெண்கள் வீட்டுச்சுவரில் தீட்டும் கோலங்கள் ஆகிய மூன்றிலிருந்தும் இன்றைய தடித்த வடிவியல் பாணி நிறையவே எடுத்துக்கொண்டிருக்கிறது. உண்டெபெலே ஓவியர் எஸ்தர் மஷ்லாங்கு 1991இல் பி.எம்.டபிள்யூ கார் ஒன்றின் மீது தம் ஊர்ச்சுவரின் வடிவங்களைத் தீட்டியபோது, சுவருக்கென்று பிறந்த ஒரு முறை வளைந்த தகட்டின் மீதும் குலையாமல் நின்றதை உலகம் கண்டது. அது குலையாததற்குக் காரணம் அதற்குள் ஓர் ஒழுங்கு இருப்பதே: கறுப்புக் கோடு எவ்வளவு தடிமன், அதையடுத்து வெள்ளை எவ்வளவு, எந்த நிறம் எதன் பக்கத்தில் வரலாம் என்பதெல்லாம் கைக்குள் ஊறிக் கிடக்கிறது. புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புள்ளிக் கணக்குத் தெரிந்தவர் எந்த வாசலிலும் அதே கோலத்தை மறுபடி போடுவார்.

ஆகவே ஸ்டூடியோவிடம் நாம் பணம் கொடுத்து வாங்க வேண்டியது அந்தக் கணக்கை. எந்த வழியைத் தேர்ந்தாலும், நிறங்களின் குறியீட்டு எண், பட்டைகளின் விகிதம், கட்டத்தின் அளவு, செய்யக்கூடாதவை ஆகியவை எழுதிய அளவுத்தாள் நம் கைக்கு வர வேண்டும். படம் மட்டும் வந்தால், முதல் பழுது பார்க்கும்போதே அது சிதையத் தொடங்கும்.

முதல் வழி: பிராண்டிங்

மூன்றிலும் மழைக்கும் புயலுக்கும் அஞ்சாதது இது. கடையை மாற்றினாலும் கூடவே வரும். இரண்டாவது கிளை திறந்தாலும் பயன்படும். வாடகைக் கடைக்காரருக்கு என் முதல் பரிந்துரை இதுவே.

ஆனால் இதிலுள்ள மறைவான செலவுகள் நம்மவர் பலருக்கு எட்டுவதில்லை. திரையில் கண்ட நிறமும், அச்சில் வரும் நிறமும், பெயின்ட் கடை இயந்திரம் கலந்து தரும் நிறமும் ஒன்றாக இருப்பதில்லை. அச்சுக்கு ஒரு நிறப்பட்டியல், பெயின்டுக்கு வேறொரு நிறப்பட்டியல் என்பதால், இரண்டிலும் ஒத்த எண்ணைத் தேடிக் குறித்துக் கொடுக்கும் பொறுப்பு வடிவமைப்பாளருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். இல்லையேல் பையில் ஒரு சிவப்பும் பலகையில் இன்னொரு சிவப்புமாகக் கடை நிற்கும்.

தமிழ் எழுத்து இன்னொரு செலவு. வட்டமும் நேர்க்கோடும் மட்டுமே கொண்டு ரோமன் எழுத்தை அழகாகச் செதுக்கிவிடலாம். அதே அச்சில் தமிழை அடைத்தால் ன, ண இரண்டும் ஒன்றாய்த் தெரியும், ழ சுருண்டு ஒடுங்கும், ஞ, ணை ஆகியவை இடம் போதாமல் நெருக்குண்டு நிற்கும். தமிழ் அறிந்த எழுத்துருக் கலைஞர் ஒருவர் தனியாக வரைந்தால்தான் அது சரிப்படும், அதற்குத் தனிக் கூலி. எழுத்துருவை வாங்கினால் அச்சுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று என உரிமக் கட்டணமும் இரண்டாகலாம். பலகையில் மொழிகளின் வரிசையை முன்பே முடிவு செய்யுங்கள். 1998இல் நம் ரூபாய்த் தாளில் தமிழின் இடம் கீழே போனபோது எழுந்த எதிர்ப்பும், அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டதும் இங்குள்ள எல்லாருக்கும் நினைவிருக்கும். எழுத்தின் இடம் இந்தத் தீவில் சிறிய விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை.

பலகை வைக்க உள்ளாட்சியின் அனுமதியும் கட்டணமும் உண்டு. புயல் காலத்தில் அதே பலகை ஆபத்தும் ஆகும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை, இரண்டாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே கழற்றி உள்ளே வைக்கக்கூடிய பலகையையே செய்யச் சொல்ல வேண்டும், அல்லது எழுத்தைச் சுவரிலேயே தீட்டிவிட வேண்டும். கடலோரத்தில் சாதாரண இரும்புத் திருகு உப்புக்காற்றில் துருவேறிப் பலகையின் மேல் செந்நிறக் கறை வழிய விடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகுக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணாகாது.

பெயரையும் லோகோவையும் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யத் தொழில்சார் சொத்துச் சட்டம் 2019 வழி செய்கிறது. பதிவு பத்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். வெறும் வட்டமும் பட்டையுமாக உள்ள சின்னத்துக்குத் தனித்தன்மையை நிலைநாட்டுவது கடினம் என்பதால், பெயரோடு சேர்ந்த வடிவத்தைப் பதிவதே உறுதியானது. வடிவமைப்பின் மூலக் கோப்பும், அதைப் பயன்படுத்தும் முழு உரிமையும் நமக்கே என்று கையெழுத்தோடு வாங்காவிட்டால், பின்னர் பையின் அளவை மாற்றவும் அதே ஸ்டூடியோவின் வாசலில் நிற்க நேரும்.

இரண்டாம் வழி: சுவரோவியம்

ஒரே நாளில் தெருவின் கண்ணைத் திருப்பும் ஆற்றல் மூன்றில் இதற்கே அதிகம். போர்ட் லூயிஸ் சீனத்தெருவில் சுவரோவியங்கள் வந்தபின், அவற்றின் முன் நின்று படம் எடுப்பதற்கென்றே ஆட்கள் வரத் தொடங்கியதை நாம் பார்த்தோம். வலாலாவின் பெயர் பரவியதும் 2015இல் லண்டன் ஷோர்டிச் பகுதியில் ஒரு கட்டடத்தின் முகப்பு முழுவதையும் அவர் தீட்டியதிலிருந்துதான். ஆனால் நம் வெயிலிலும் மழையிலும் மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுவதும் இதுவே. ஆகையால் இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சுவரின் திசை. நாம் பூமத்தியரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதி சூரியன் வடக்குப் பக்கமாகவே செல்கிறது. வடக்கும் மேற்கும் பார்த்த சுவர்கள்தான் விரைவில் வெளுக்கும். தென்கிழக்கு பார்த்த சுவருக்கு வெயிலைவிட தென்கிழக்குக் காற்று அடித்துக்கொண்டுவரும் மழையே எதிரி. ஊரும் முக்கியம். மேற்குக் கரையில் ஆண்டு மழை 900 மில்லிமீட்டர் அளவில் நிற்க, நடுத்தீவின் மேட்டுநிலத்தில் அது 4,000 மில்லிமீட்டர் வரை போகிறது. க்யூர்பிப்பில் வெள்ளைப் பட்டை ஓரிரு மழைக்காலத்திலேயே பாசி பிடித்துப் பச்சையாகும். ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் அதே வெள்ளை பளிச்சென்று நிற்க, அருகிலுள்ள ஆரஞ்சு மங்கும். ஒரே வடிவமைப்பை இரண்டு ஊருக்கும் எழுதித் தரும் ஸ்டூடியோ சுவரை நேரில் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து நிறம். காவி, பழுப்பு, கறுப்பு போன்ற மண்ணும் இரும்பும் சார்ந்த நிறமிகள் வெயிலைத் தாங்கும். ஆழ்ந்த நீலமும் பச்சையும் ஓரளவு தாங்கும். பளபளக்கும் மஞ்சளும் ஆரஞ்சும் ரோஜாவும்தான் முதலில் தோற்கும். தைப்பூசக் காவடியில் நாம் உடுத்தும் அந்த அடர்ந்த ரோஜா நிறத்தைச் சுவரில் கேட்பவர் பலர். அதை நிழல் விழும் இடத்திலோ உட்சுவரிலோ வையுங்கள். ஈயம் கலந்த நிறமிகள் விலக்கப்பட்ட பிறகு, தரமான மஞ்சளும் ஆரஞ்சும்கூட அடியிலுள்ளதை முழுமையாக மறைக்க மூன்று நான்கு பூச்சு கேட்கின்றன. விலை எழுதுகிறவர் இரண்டு பூச்சுக்கு மட்டும் எழுதியிருந்தால், மிச்சம் உங்கள் பணத்திலிருந்து போகும். இருண்ட பரப்பு வெயிலை அதிகம் உறிஞ்சுவதால் மேற்குச் சுவரில் பெரிய கறுப்பு வட்டம் வைத்தால் உள்ளறையின் சூட்டிலும் அது தெரியும்.

நிறத்தில் இன்னொரு எச்சரிக்கை இந்தத் தீவுக்கே உரியது. சிவப்பு, ஆரஞ்சு, ஊதா, நீலம் என ஒவ்வொன்றும் ஓர் அரசியல் கட்சியின் அடையாளமாக இங்கே நிலைத்துவிட்டது. சுவர் முழுவதையும் அவற்றில் ஒன்றால் நிரப்பினால், தேர்தல் நெருங்கும்போது கடைக்காரர் யாருக்கு வாக்களிப்பார் என்ற பேச்சு வரும். நான்கைந்து நிறங்களைச் சமமாகக் கலப்பதில் அந்தத் தொல்லை இல்லை. வடிவத்திலும் கவனம் வேண்டும்: ஒரு முக்கோணத்தின் மேல் தலைகீழ் முக்கோணம் விழுந்தால் முருகனுக்குரிய அறுகோணம் ஆகிவிடும். சுவரின் மேற்பகுதியில் அது வந்தால் மகிழ்ச்சியே. படிக்கட்டிலோ தரையிலோ வந்தால் வருகிறவர் மனம் நோகும். வெளியூர் வடிவமைப்பாளருக்கு இது தெரிய வாய்ப்பில்லை, நாம்தான் சொல்ல வேண்டும்.

சுவரின் தயாரிப்பில்தான் பணத்தின் பெரும்பகுதி இருக்க வேண்டும். புதுப்பூச்சுச் சுவர் ஏறக்குறைய நான்கு வாரம் உலர வேண்டும், அதற்குள் தீட்டினால் சிமென்டின் காரம் நிறத்தைத் தின்னும். கான்கிரீட் பிளாக் சுவரில் உப்புப் பூத்திருந்தால் அதைச் சுரண்டி, காரம் தாங்கும் பிரைமர் அடித்த பிறகே நிறம். தட்டைக் கான்கிரீட் கூரையின் ஓரத்திலிருந்து நீர் கசிகிறதா என்று முதலில் பாருங்கள். கூரை ஒழுகினால் ஓவியம் மேலிருந்து கீழாகக் கொப்பளம் கொண்டு உரியும்.

நேர்க்கோடு எப்படி வருகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஓவியரின் தரம் தெரிந்துவிடும். நல்லவர் சுவரில் நூல் அடித்துக் கோடு போட்டு, மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் ஓரத்தை விரல் நகத்தால் அழுத்திய பிறகு உடனே புது நிறத்தைப் பூசுவதில்லை. முதலில் அடியிலுள்ள பழைய நிறத்தையே டேப்பின் விளிம்பில் மெல்லியதாக ஒருமுறை இழுப்பார். சொரசொரப்பான பூச்சின் சிறு குழிகள் வழியே ஊடுருவுவது அந்த நிறமாகவே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, வழியும் அடைபட்டுவிடும். அது காய்ந்த பின் புது நிறம். அந்தப் பூச்சு முழுவதும் இறுகுமுன் டேப்பைத் தன்மேல் மடித்தாற்போல் மெல்ல உரிப்பார். கீழே கத்தியால் வெட்டியதுபோன்ற கோடு நிற்கும். இந்த இடைப்பூச்சைத் தவிர்த்தால் வேலை விரைவில் முடியும், விளிம்பு பல்பல்லாகத் தெரியும். தெருவின் மறுகரையிலிருந்து பார்த்தாலும் அது புலப்படும்.

செலவுக்கு ஒரு சிறு கணக்கு. ஒன்பது மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் உயரமும் உள்ள சுவர் 36 சதுர மீட்டர். சொரசொரப்பான சுவரில் லிட்டருக்கு எட்டுச் சதுர மீட்டர் என்று வைத்தாலும், அடிநிறம் இரண்டு பூச்சுக்கு ஒன்பது லிட்டர் போதும். மற்ற நிறங்களுக்கு இன்னும் சில டப்பாக்கள். பணம் போவது சாரத்துக்கும் கூலிக்கும். அந்தச் சாரத்தின் வாடகை மழை நாளிலும் ஓடிக்கொண்டே இருக்கும். மே முதல் அக்டோபர் வரைக்குள் வேலையை வைத்தால் இந்தக் கசிவு குறையும். மேட்டுநிலத்தில் அப்போதும் தூறல் உண்டு என்பதால் மழை நாளின் வாடகை யார் தலையில் என்று முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

அனுமதி வகையில், வாடகைச் சுவரென்றால் உரிமையாளரின் எழுத்து ஒப்புதல், சிண்டிக் கட்டடமென்றால் உரிமையாளர் கூட்டத்தின் ஒப்புதல் தேவை. போர்ட் லூயிஸில் உலகப் பாரம்பரியச் சின்னமான ஆப்ரவாசி காட்டைச் சூழ்ந்த பாதுகாப்பு வளையத்துக்குள் கட்டடம் இருந்தால், முகப்பை மாற்ற அங்குள்ள சிறப்புத் திட்ட விதிகள் பொருந்தும். மாநகராட்சியில் கேட்காமல் தூரிகை தொடக் கூடாது.

மூன்றாம் வழி: உள்ளலங்காரம்

மழையும் வெயிலும் தொடாததால் நிறம் இங்கே மிக நீண்ட காலம் நிற்கும்; வெளியே கைவிட்ட ரோஜாவையும் மஞ்சளையும் உள்ளே தாராளமாகப் பயன்படுத்தலாம். வந்தவர் தங்கும் நேரமும் உள்ளே அமைந்த விதத்தைப் பொறுத்தது. ஆனால் வாடகைக் கடையில் தரையோடும் சுவரோடும் பொருத்தியது எதுவும் கிளம்பும்போது கூட வராது என்பது பெரிய குறை. அதனால் பணத்தைக் கழற்றி எடுத்துப்போகக்கூடிய பொருளில் போடுங்கள்: மேசைப் பலகை, நாற்காலி உறை, திரை, விளக்குக் கூடு, தனியே நிற்கும் தட்டி.

மறைவான செலவு ஈரத்தில் இருக்கிறது. மரத்தூளை அழுத்திச் செய்த மலிவான பலகையில் வட்டமும் அரைவட்டமும் வெட்டுவது எளிது. ஆனால் வெட்டிய விளிம்பைச் சரியாக மூடாவிட்டால் நம் காற்றின் ஈரத்தில் அது உப்பி, மேலே ஒட்டிய நிறத்தாள் மூலையில் தூக்கிக்கொள்ளும். கரையான் உள்ள ஊர்களில் நீர் தாங்கும் ஒட்டுப்பலகையே பாதுகாப்பு, விலை கூடினாலும்.

வேறொன்றும் உண்டு. கறுப்பு வெள்ளைப் பட்டை நான்கு பக்கமும் சூழ்ந்தால் கண் களைக்கும், வயதானவருக்குப் படியின் விளிம்பு தெரியாமல் கால் தடுக்கும். ஒரு சுவரும் மேசையும் பேசட்டும், மற்றவை அமைதியாக இருக்கட்டும். கடையின் பயன்பாடே மாறுகிறதென்றால், உதாரணமாகத் தபாஜி உணவகமாகிறதென்றால், கட்டட மற்றும் நிலப் பயன்பாட்டு அனுமதி தனியே வேண்டும்.

மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்க:

| | பிராண்டிங் | சுவரோவியம் | உள்ளலங்காரம் |
|---|---|---|---|
| யார் கண்ணில் படும் | எங்கிருந்தும் | தெருவில் போகிறவர் | உள்ளே வந்தவர் |
| கடை இடம் மாறினால் | கூடவே வரும் | போய்விடும் | கழற்றக்கூடியது மட்டும் வரும் |
| முதல் எதிரி | பொருந்தாத நிறம், உரிமைத் தகராறு | வெயில், பாசி, கூரைக் கசிவு | ஈரம், கரையான் |
| மறந்துபோகும் செலவு | தமிழ் எழுத்துரு, உரிமம், பலகை அனுமதி | சாரம், சுவர்த் தயாரிப்பு, மறுபூச்சு | பயன்பாட்டு அனுமதி, விளிம்பு வேலை |
| புதுப்பிப்பது | கோப்பு இருந்தால் எளிது | அளவுத்தாள் இன்றி இயலாது | துண்டு துண்டாக மாற்றலாம் |

யாரிடம் கொடுப்பது

வெளிநாட்டுப் பெயர்பெற்ற ஸ்டூடியோவை அழைப்பது, அந்தப் பெயரே வாடிக்கையாளரைக் கொண்டுவரும் ஹோட்டல், கண்காட்சிக் கூடம் போன்ற இடங்களுக்குத்தான் பொருந்தும். விமானச் சீட்டு, தங்குமிடம், யூரோவிலும் பவுண்டிலும் எழுதிய விலை எல்லாம் ரூபாயின் ஏற்ற இறக்கத்தோடு மாறும். பழுது பார்க்க அவர் மறுபடி வரமாட்டார். பல்மாரில் வடிவமைப்பு வெளியிலிருந்து வந்தாலும், இங்குள்ள கட்டடக் கலைஞரும் தீவின் கைவினைஞர்களும் கூட நின்று செய்தார்கள். அந்தப் பாதியைக் கவனிக்காமல் முதல் பாதியை மட்டும் விரும்புவது தவறு.

உள்ளூர் ஸ்டூடியோ சுவரை நேரில் பார்க்கும், கூப்பிட்டால் வரும். சிறு, நடுத்தரக் கடைகளுக்கு நான் இதையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: அவர்கள் செய்து முடித்த வேலைகளில் குறைந்தது மூன்று மழைக்காலம் கண்ட சுவர் ஒன்றை நேரில் காட்டச் சொல்லுங்கள். புதுச்சுவரின் புகைப்படத்திலிருந்து எதுவும் தெரியாது.

ஓவியரை நேரடியாக அழைப்பது மலிவு. கோயில் வண்ண வேலையில் பழகிய கைகளின் நேர்த்தியும் பொறுமையும் இந்தப் பாணிக்கு நன்றாகவே உதவும். ஆனால் அளவையும் நிறத்தையும் முடிவு செய்து தருபவர் வேறொருவர் இருக்க வேண்டும். தெளிவான அளவுத்தாள் கையிலிருந்தால் ஸ்டூடியோவுக்கு அந்த ஒரு தாளுக்கு மட்டும் பணம் கொடுத்து, தீட்டுவதை ஓவியரிடம் விடலாம். சிறு முதலுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் அறியேன்.

அச்சிட்ட வினைல் ஒட்டுவதை விரைவுக்காகப் பலர் விரும்புகிறார்கள். மென்மையான உட்சுவருக்கும் கண்ணாடிக்கும் அது நல்லது. சொரசொரப்பான வெளிச்சுவரில், அதுவும் ஈரம் மூச்சுவிட வேண்டிய பிளாக் சுவரில், ஓரம் தூக்கி உரியும்.

யாருக்கு எது

மூன்றாண்டு வாடகை, புதுப்பெயர், கைபேசியில் வியாபாரம்: பிராண்டிங்கை முழுமையாகச் செய்து, அதே அளவுத்தாளிலிருந்து ஒரு மேசைப் பலகையும் ஒரு திரையும் எடுங்கள், சுவரைத் தொடாதீர்கள். சொந்தக் கட்டடம், மெட்ரோ நிறுத்தத்துக்கோ பெருந்தெருவுக்கோ எதிரே சுவர், ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்த பெயர்: சுவரோவியம்தான் முதலில், லோகோ காத்திருக்கலாம். கடலோர விருந்தினர் இல்லமென்றால் உட்புறமும் வராங்கும் (முன்தாழ்வாரமும்) முன்னால் வரட்டும். வராங்கின் உட்சுவரில் தீட்டினால் வெளியிலிருந்தும் தெரியும், மழையும் எட்டாது, உப்புக்காற்றின் அடியும் குறையும். மேட்டுநிலத்தில் தெற்குப் பார்த்த ஈரச்சுவர் ஒன்று மட்டுமே இருக்கிறதென்றால், அங்கே ஓவியம் வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்வேன்.

எந்த வேலையானாலும் பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். முடிவுத் தவணைக்கு முன், ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டரை இறுக மூடிய டப்பாவில், மேலே நிற எண்ணும் தேதியும் கடைப்பெயரும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதனுடன் கட்டம் போட்ட அளவுத்தாளும், மூலக் கோப்பும், ஓராண்டுக்குள் உரிந்தால் யார் செலவில் பூசுவது என்ற கையெழுத்திட்ட வரியும் வர வேண்டும். தருவதாகச் சொல்லித் தள்ளிப்போட்டால், அவை வரும்வரை அந்தத் தவணையும் நிற்கட்டும்.